கேக்கோடு நின்ற கார்

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. நான் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். முதன்முதலாக ஒரு கல்யாணக் கேக் ஓடர் கிடைத்திருந்தது. மூன்று தட்டு, பட்டர் ஐசிங், பத்து மணிக்குள் வெள்ளவத்தை மண்டபத்தில் இருக்க வேண்டும். கணவர் கேக்கைப் பக்குவமாகக் காரில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் ஏறி, காரின் திறப்பைப் போட்டுத் திருப்பினால் இஞ்சின் சுற்றுகிறதே தவிரப் பிடிக்கவில்லை. ஏசியும் இல்லை, வெயிலும் ஏறுகிறது. மேல் தட்டில் ஒரு ஐசிங் ரோஜா சரியத் தொடங்கியது. நான் விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

சத்தம் கேட்டு, சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் வந்தார். "பெட்டரி போயிட்டுது நானா" என்று நானே தீர்ப்புச் சொன்னேன். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. இன்னொரு தடவை திருப்பச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"பெட்டரி போனா இப்படிச் சுத்தாது தங்கச்சி." திறப்புப் படம் போட்ட சிவப்பு விளக்கு மின்னுவதைக் காட்டினார். "கார் உங்கள கள்ளி எண்டு நெனச்சிருக்கு. திறப்புல ஏதாச்சும் செஞ்சீங்களா?"

செய்திருந்தேன்! திறப்பின் பழைய பிளாஸ்டிக் கவர் உடைந்துவிட்டதென்று முதல் நாள் புறக்கோட்டை நடைபாதையில் புதுக் கவர் வாங்கி, நானே கழற்றி மாட்டி, பெருமையும் பட்டிருந்தேன். பழைய கவருக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருக்குமாம். அது இல்லாவிட்டால் இஞ்சின் பிடிக்காதாம். அந்தக் கவரோ குப்பைப் பையில். பையை அன்று காலைதான் லொறி ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

கல்யாணத்துக்குக் கட்டிய சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானாவின் ஓட்டோவில் ஏறினேன். நாலு தெரு தள்ளி லொறியைப் பிடித்துவிட்டோம்! "அய்யே, பொட்டக் இன்ன", அண்ணே, கொஞ்சம் நில்லுங்கள் என்று சிங்களத்தில் கத்தினேன், நின்றது. உள்ளே மலையாகக் கறுப்புப் பைகள். என் பையில் நிறைய முட்டைக் கோது இருக்கும் என்று சொன்னேன். லொறியில் நின்ற தொழிலாளி முகம் சுளிக்காமல் ஒவ்வொரு பையாக அமுக்கிப் பார்த்தார். ஒன்று நொறுநொறுத்தது. "மேக்க தமயி", இதுதான் என்று சிரித்துக்கொண்டே தூக்கித் தந்தார்.

ஓட்டோவில் திரும்பி வந்து, பையைக் கிளறி எடுத்த பழைய கவரைத் திறப்போடு சேர்த்துப் பிடித்துத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்தது! நானும் நானாவும் தெருவில் நின்று கைதட்டினோம். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கேக் மேசைக்குப் போய்விட்டது. சரிந்த ரோஜாவைப் பின்பக்கம் திருப்பிவைத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

இப்போதெல்லாம் வீட்டில் எது மக்கர் பண்ணினாலும், ஏன், மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாலும்கூட, அதைக் குறை சொல்வதற்கு முன், கடைசியாக நான் எதில் கைவைத்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.