திரும்பிப் பார்த்தபடி ஓடியவர்

நாவல் எழுதத் தெம்பு வேண்டுமென்று தினமும் காலையில் பாடாலூர் சர்வீஸ் ரோட்டில் நெடுந்தூரம் ஓடுவேன். அங்கே ஒரு பெண்ணும் ஓடுவார். ஒல்லியான உடம்பு, சுடிதார், தேய்ந்த கேன்வாஸ் ஷூ. ஓடும்போதே அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

"எதுக்குங்க இவ்ளோ தூரம் ஓடறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வூட்டுக்காரரு அடிக்க வந்தா, அவருக்கு மூச்சு வாங்குற வரைக்கும் ஓடணும்ல சார்" என்றார்.

மறுவாரம் அந்தக் கணவன் இரும்புக் கம்பியோடு ரோட்டுக்கே வந்துவிட்டான். முதல் அடி அவர் தோளில் விழுந்தது. சுடிதாரெல்லாம் ரத்தம். தடுக்கப் போன என்னைக் கீழே தள்ளிவிட்டு அவரைத் துரத்தினான். அவர் ஓடினார். நானும் எழுந்து பின்னாலேயே ஓடினேன். பாலத்துக்கு அருகே அவன் மூச்சிரைத்துச் சரிந்து உட்கார்ந்தான். கம்பி கைநழுவி விழுந்தது. அவர் திரும்பி வந்து அதை எடுத்தார். அவன் முழங்காலில் ஓங்கி அடித்தார். எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது.

"இனிமே நீ தொரத்த முடியாது" என்றார். கம்பியைக் கீழே போடாமலேயே போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. என் நாவலில் புருஷனிடம் அடி வாங்கும் ஒருத்தி அடுத்த வரியில் அழுவதாக எழுதியிருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். அங்கே என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.