கோப்பை மேல் ஒரு பொற்கொல்லர்

அக்கா வீட்டுக்காரரின் அறுபதாம் கல்யாணம் வேலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சாப்பிட்டுக் கிளம்பியவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையோடு ஒரு அட்டைப்பெட்டியும் கொடுத்தார்கள். உள்ளே வெள்ளைப் பீங்கான் கோப்பை. அதன்மேல் பழுப்பேறிய பழங்காலத்துப் படம் ஒன்றை அச்சிட்டிருந்தார்கள். தலைப்பாகை கட்டிய பொற்கொல்லர் ஒருவர் தரையில் உட்கார்ந்து, ஊதுகுழலை வாயில் வைத்துக் கரி நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்னத் தராசு, இடுக்கி, தண்ணீர்ச் சட்டி. கீழே 'தங்கமான கைகளுக்கு' என்று எழுதியிருந்தது.

அக்கா மகளின் ஏற்பாடு அது. "நெட்ல தேடித் தேடி எடுத்தேன் சித்தி. அப்பா மாதிரியே இல்ல?" என்று கேட்டாள்.

"அப்படியேதான் இருக்குது" என்றேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது.

எங்கள் அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவள். வேலையை விட்டு நின்றபோது வந்த பி.எஃப். பணத்தில் நாலு சவரனில் ஒரு செயின் வாங்கினாள். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். சாகும் முன்பு, "ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க, சண்ட போடாதீங்க" என்று எங்கள் இருவரிடமும் சொன்னாள்.

காரியம் முடிந்த மறுநாள் மாமா, அக்கா வீட்டுக்காரர்தான், அந்தச் செயினை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் அவருக்கு நகைப் பட்டறை இருந்தது. "வெட்டுனா நல்லா இருக்காது. உருக்கி ரெண்டு செயினா பண்ணித் தர்றேன்" என்றார்.

"எப்ப உருக்குவீங்க மாமா? நானும் வந்து பாக்கறேன்" என்றேன். நிஜமாகவே பார்க்கும் ஆசையில்தான் கேட்டேன். அம்மாவின் கழுத்தில் கிடந்தது கடைசியாக அந்த உருவத்தில் இருக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அக்கா முகம் சிவந்துவிட்டது. "இன்னாடி பேசற? எங்க வூட்டுக்காரர் மேல நம்பிக்கை இல்லியா?"

மாமா சிரித்தார். நான் போகவில்லை.

செயின் வந்தது. மின்னியது. ஐந்து வருடம் விசேஷங்களுக்கு மட்டும் போட்டு, மற்ற நாளில் பீரோவில் வைத்திருந்தேன். மகள் கல்லூரி முடித்ததும் அவளுக்குக் கம்மலாக மாற்றிக் கொடுக்கலாம் என்று ஆம்பூரில் ஒரு நகைக்கடைக்கு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் மெஷினில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு முறை வைத்தாள். பிறகு பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, "அக்கா, இது எங்க செஞ்சீங்க? பாதிக்கு மேல செம்புதான் இருக்குது" என்றாள்.

அங்கிருந்து நேராக வேலூருக்குப் பஸ் ஏறினேன். அக்கா மட்டும் வீட்டில் இருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை வெங்காயம் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும். அப்ப அவுருக்குப் பட்டறையில ரொம்பக் கஷ்டம்" என்றாள்.

"எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனாக்கா?"

அவள் தன் கழுத்துச் செயினை விரலால் தூக்கிக் காட்டினாள். "இதுவும் அதேதான். நான் வாயத் தொறந்தனா? நீ இன்னாத்துக்கு ஊரைக் கூட்டற?"

நான் ஊரைக் கூட்டவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அறுபதாம் கல்யாணத்தில் வரிசைத் தட்டு வைத்து, கூட்டத்தோடு நின்று அட்சதை போட்டேன். மாமா என்னைப் பார்த்து, "நல்லா சாப்பிட்டியாம்மா?" என்று விசாரித்தார்.

அந்தக் கோப்பையை வீட்டில் வைக்கப் பிடிக்காமல் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். நானும் ஷூ கம்பெனிதான். தைத்து வருவதில் குறை பார்த்து ஒதுக்கும் செக்கிங் வேலை. டீ நேரத்தில் என் பக்கத்து மேஜைக்காரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க மாமாதானே நகை வேலை செய்றாரு? எங்கம்மா வளையல உருக்கி எம்பொண்ணுக்கு நெக்லஸ் பண்ணணும். தெரிஞ்சவங்கன்னா நம்பிக் குடுக்கலாம். அவுரு நம்பர் குடேன்."

அவளுக்குப் புருஷன் இல்லை. அந்த வளையலைத் தவிர வீட்டில் வேறு பொட்டுத் தங்கம் கிடையாது.

"வேணாம். அவருகிட்ட குடுக்காத" என்றேன். ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் யாரிடம் சொன்னாளோ தெரியாது. ஒரு மாதத்துக்குள் அக்காவின் போன் வந்தது.

"எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே! ஆம்பூர்ல இருந்து ஒருத்தரும் வர்றதில்ல. எம்பொண்ணு எங்கிட்ட வந்து கேக்கறா, 'அப்பா அப்படிப்பட்டவரா'ன்னு. உனக்குத் திருப்தியா?"

"நான் பொய் சொன்னனாக்கா?"

"உண்மையச் சொல்லச் சொல்லி யாருடி உன்னக் கேட்டாங்க?" என்று வைத்துவிட்டாள்.

திருடியதற்காக எங்கள் வீட்டில் ஒரு நாளும் யாரும் யாரோடும் பேசாமல் இருந்ததில்லை. சொன்னதற்காகத்தான் உறவு அறுந்தது.

போன தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. நானே போய்ப் பத்திரிகை வைத்தேன். அக்கா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. மணமேடையில் சம்பந்தியம்மாள், "பொண்ணோட பெரியம்மா எங்க?" என்று கேட்டார்.

"உடம்புக்கு முடியல" என்றேன்.