இராசேஸ்வரி தெரிவு செய்த கடைகள்

இராசேஸ்வரி பியரை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. அந்த வாசமே அவளுக்கு ஆகாது. அவளுடைய கணவன் ஆனந்தராசா இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த ஏழாம் வருடம் ஈரல் கெட்டுச் செத்துப்போனான். கட்டிட வேலை முடிந்து வரும்போதே கடதாசிப் பெட்டியில் விற்கிற மலிவு வைனை வாங்கிக்கொண்டு வருகிறவன். அவன் செத்த அன்று ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவள், அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த இரண்டு பெட்டிகளையும் குசினித் தொட்டிக்குள் ஊற்றினாள். இனி இந்த வீட்டுக்குள் ஒரு துளி வராது என்று மகள் வேணுகாவிடம் சொன்னாள். வேணுகாவுக்கு அப்போது பத்து வயது.

அப்படிப்பட்டவள் பிறகு இரண்டரை வருடம் ஒரு கிழவருக்காகப் பியர் காய்ச்சும் சாமான்களை இணையத்தில் தேடி வாங்கினாள். அதைத் திறமாகவும் செய்தாள். அதனாலேயே வேலையும் போனது, பெயரும் போனது. பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கிற நம்முடைய ஆட்கள் பலருக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் அவர்கள் சொல்வது பாதிக் கதை.

கிழவரின் பெயர் கொர்ராதோ. கப்பல் திருத்தும் இடத்தில் பொறியியலாளராக இருந்து இளைப்பாறியவர். மனைவி இல்லை. வசதியானவர்கள் இருக்கிற லிபெர்த்தா வீதியில் நான்காம் மாடியில், உயர்ந்த கூரையுள்ள பெரிய வீடு. கைநடுக்க வியாதி வந்து, கண்ணும் மங்கியபோது, மகள் லெத்தீசியா அவரைப் பார்த்துக்கொள்ள இராசேஸ்வரியை வேலைக்கு வைத்தாள். அவர் அவளுடைய பெயரைச் சொல்ல இரண்டு நாள் முயன்றுவிட்டு, மூன்றாம் நாளில் இருந்து ரோசா என்று கூப்பிட்டார்.

முதல் வாரமே பின்பக்கக் குசினியைத் திறந்து காட்டினார். பெரிய எவர்சில்வர் பானை, குழாய் வைத்த பிளாஸ்டிக் பீப்பாய்கள், கழுவிக் கவிழ்த்த போத்தல்கள். முளைகட்டிக் காயவைத்த பார்லியையும், கசப்புக்காகப் போடுகிற ஹொப்ஸ் என்ற காய்ந்த பூவையும் வைத்து வீட்டிலேயே பியர் காய்ச்சுவது அவருக்கு இருபது வருடப் பழக்கம். அன்று மாலை அவள் வேலையை விடுகிற எண்ணத்தோடுதான் வீட்டுக்கு நடந்தாள். விடவில்லை. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். வேறு ஒப்பந்தம் அவளிடம் இல்லை.

கொர்ராதோ வடக்கு இத்தாலியில் இருந்த ஒரு பெரிய கடையில் இணையம் வழியாக வாங்கிக்கொண்டிருந்தார். பளபளப்பான படங்கள் போட்ட கடை. அவள் வந்த பிறகு காய்ச்சிய முதல் இரண்டு தடவையும் சரிவரவில்லை. ஈரக் கடதாசி மணக்குது என்று சொல்லிச் சொல்லி அவரே தொட்டிக்குள் ஊற்றினார். தன்னுடைய கை இனி உதவாது, அளவு பிழைக்கிறது என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

இராசேஸ்வரி வன்னியில் யுத்தகாலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவள். நிவாரண மூட்டை வந்து இறங்கும்போது வாசலில் நின்று தைத்த நூலைப் பார்ப்பாள். எந்த மூட்டையைப் பிரித்து மறுபடி தைத்திருக்கிறார்கள், எது அடியில் நனைந்தது என்று கை வைத்ததும் சொல்வாள். குப்பைக்குள் போட எடுத்த ஹொப்ஸ் பையை அதே பழக்கத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“சிஞ்ஞோர், பிழை உங்கள் கையில் இல்லை. சாமான் பழசு” என்று அவருக்கு இத்தாலிய மொழியில் சொன்னாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அறுவடை செய்த வருடம் இதில் போட்டிருக்கிறது. மூன்று வருடம் பழசு. விலைத் துண்டை அதுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். பாருங்கள், உரித்தால் தெரியுது.”

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பிறகு கணினியை அவள் பக்கம் தள்ளினார்.

“அப்படியென்றால் நீயே ஒரு கடையைத் தேடு.”

அவள் ஒரு மாதம் தேடினாள். மதியத்தில் அவர் தூங்கும்போது சமையல் மேசையில் இருந்து ஒவ்வொரு கடையாகப் பார்த்தாள். தெரியாத சொல்லைக் கைபேசியில் வேணுகாவிடம் கேட்டாள். ஐந்து நட்சத்திரம் போட்டுப் புகழ்ந்த கருத்துகளை அவள் வாசிப்பதில்லை. ஒரே நாளில் பத்துப் பேர் புகழ்ந்திருந்தால் அந்தக் கடையையே விட்டுவிடுவாள். மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் என்ன குறை சொல்லியிருக்கிறார்கள், அதற்குக் கடைக்காரர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்றுதான் பார்ப்பாள். பார்லியை உடைத்து அனுப்புகிறார்களா, முழுசாகவா? உடைத்தது கெதியில் பழுதாகும். சிசிலிக்கு அனுப்ப இரண்டு நாள் கூடுதலாக எடுக்குமென்று முன்னதாகவே சொல்கிறார்களா, அல்லது பணம் வாங்கிய பிறகா?

பெரிய கரைச்சல், பியரைப் புளிக்கவைக்கிற ஈஸ்ற்தான். திரவ ஈஸ்ற் சூடு தாங்காது. ஆடி மாத வெயிலில் பலெர்மோவுக்கு வந்து சேரும்போது பை ஊதிப்போய், உள்ளே எல்லாம் செத்திருக்கும். அவள் நான்கு கடைகளுக்கு ஒரே கேள்வியோடு தொலைபேசி எடுத்தாள். எந்த நாளில் அனுப்புவீர்கள்? மூன்று கடைக்காரர் எந்த நாளும் அனுப்புவோம் என்றார்கள். சிசிலியின் கிழக்கில், கத்தானியாப் பக்கத்தில் தனியாகச் சின்னக் கடை நடத்துகிற ஒரு பெண் மட்டும், “திங்கள், செவ்வாய் மட்டும்தான். வியாழன் அனுப்பினால் சனி, ஞாயிறு பொதிக்காரரின் தகரக் கொட்டிலுக்குள் கிடந்து அவிந்துவிடும். அவசரமென்றால் வேறு இடத்தில் வாங்குங்கள்” என்றாள்.

இராசேஸ்வரி அவளிடம் வாங்கினாள். பார்லிக்கு வேறு ஒரு கடை. பீப்பாய், குழாய், மூடிக்கு மூன்றாவது ஒரு கடை. குழாய்க்குள் போடுகிற ரப்பர் வளையத்தைத் தனியாக விற்கிறவன்தான் நம்பக்கூடியவன் என்பது அவளுடைய கணக்கு. அது தேயும் என்று அவன் ஒத்துக்கொள்கிறான் அல்லவா.

அதற்குப் பிறகு காய்ச்சியது சரியாக வந்தது. சனிக்கிழமைகளில் கொர்ராதோவின் பழைய கூட்டாளிகள் மூன்று பேர் வருவார்கள். ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள்.

“எனக்கு ஒன்றும் தெரியாது. ரோசாதான் தெரிவு செய்து வாங்குகிறாள்” என்பார் அவர். மூவரும் குசினி வாசலுக்கு வந்து அவளிடமே கேட்பார்கள். அவள் கடைகளின் பெயரை எழுதிக் கொடுப்பாள். பலெர்மோவில் அவள் வேலை செய்த எந்த வீட்டிலும், முடிந்ததா, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் அவளிடம் கேட்டதில்லை. எது நல்லது என்று அவளைக் கேட்ட வீடு அது ஒன்றுதான்.

அவள் வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் தை மாதம் வைத்தியர் கொர்ராதோவின் மருந்தை மாற்றினார். இனி ஒரு துளிகூடக் கூடாது என்றார். லெத்தீசியா வீட்டுக்கு வந்து தகப்பனிடம் அதைக் கத்திச் சொன்னாள். போகும்போது கீழே வாசல்காரனிடம், பியர் சாமான் வந்தால் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த இராசேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கவில்லை என்று பிறகு தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அப்போது ஒரு பொதி வழியில் இருந்தது. புது அறுவடை ஹொப்ஸ். கத்தானியாக்காரியிடம் கொஞ்சம்தான் வந்தது. இரண்டு மாதம் முன்பே சொல்லி வைத்து இராசேஸ்வரி எடுத்தது. கூடவே ஒரு புதுப் பீப்பாயும் வரவிருந்தது.

“உன் வீட்டு முகவரிக்கு மாற்றிவிடு” என்றார் கொர்ராதோ. “நான் குடிக்கமாட்டேன், ரோசா. காய்ச்ச மட்டும்தான். நண்பர்கள் குடிக்கட்டும்.”

அவள் அதை நம்பவில்லை. ஆனாலும் மாற்றினாள். நல்ல சரக்கு திரும்பிப் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. அவருடைய ஆசைக்காகச் செய்ததாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அல்பெர்கேரியாவில் பல்லரோச் சந்தைக்குப் பின்னால், இரண்டு பேர் ஒன்றாக நடக்க முடியாத ஒழுங்கையில் அவளுடைய வீடு. பொதி கொண்டுவந்தவன் மேலே ஏறப் பஞ்சிப்பட்டு, நடு ஒழுங்கையில் நின்று அவளுடைய பெயரைக் கூவினான். யாரும் வரவில்லை. கீழே மரக்கறிக் கடையில் பொதிகளை வைத்துவிட்டுப் போனான். பெரிய பெட்டி ஒரு பக்கம் கிழிந்து, குழாய் பொருத்திய வெள்ளைப் பீப்பாய் வெளியே தெரிந்தது. அதன் மூடியில் பியர்க் கிளாஸ் படம். அவள் வேலை முடித்து வரும்வரை, சந்தைக்கு வந்த நம்முடைய சனம் எல்லாம் அதைப் பார்த்தது. அடுத்த மாதமும் இரண்டு பெட்டி வந்தது.

கீழ் மாடியில் இருக்கிற மனோன்மணி ஒரு வியாழக்கிழமை கதவைத் தட்டினாள். இருவரும் வெள்ளிக்கிழமைகளில் கோயில் மடைப்பள்ளியில் ஒன்றாகச் சமைக்கிறவர்கள்.

“உள்ள வரேல்லை பிள்ளை. ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். நாளைக்கு நீ வரவேண்டாம்.”

“ஏனக்கா?”

“கோயில் தலைவர் இரத்தினம் அண்ணை சொல்லச் சொன்னவர். கொஞ்ச நாளைக்குத்தான். சனம் கதைக்குது.”

“என்னெண்டு கதைக்கினம்?”

“நீ கசிப்புக் காய்ச்சி விக்கிறாயாம். புருசனைக் குடிக்குக் குடுத்தவள், இப்ப ஊருக்கு ஊத்துறாளெண்டு.”

“அது நான் வேலை செய்யிற வீட்டுச் சாமான் அக்கா. நாளைக்கு அங்கை போயிடும்.”

“எனக்குத் தெரியும். ஆனா நான் ஒருத்தி சொல்லி யார் கேக்கப்போயினம்?” மனோன்மணி படியில் இறங்கினாள். அவள் கோயிலில் அதைச் சொல்லியும் பார்க்கவில்லை என்று பிறகு தெரியவந்தது.

வேணுகாவுக்கு அப்போது பதினேழு வயது. உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் குசினிக்குள் வந்தாள்.

“இந்த வீட்டுக்குள்ள ஒரு துளி வராதெண்டு ஆர் சொன்னது?”

“துளி வரேல்லை. பெட்டிதான் வந்தது.”

“பாஸ்தா, போதும் அம்மா. அப்பா குடிச்சால் பிழை, வெள்ளைக்காரன் குடிச்சால் ஆசையா? அப்பாவுக்கு நீங்க ஒருநாளாவது சிரிச்சுக்கொண்டு ஒரு கிளாஸ் எடுத்துக் குடுத்தனீங்களா?”

இராசேஸ்வரி காலையில் கொண்டுபோகப் பெட்டிகளை இழுத்துக் கதவடியில் வைத்தாள். 

பங்குனியில் கொர்ராதோ விழுந்தார். அவள் மருந்துக்கடைக்குப் போய் வந்த அரை மணி நேரத்தில், பின்பக்கக் குசினி வாசலில். இடுப்பெலும்பு முறிந்தது. பக்கத்தில் போத்தல் உடைந்து, தரை முழுக்க நுரை. அவசர வண்டிக்காரர் அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போதே லெத்தீசியா வந்து சேர்ந்தாள். குசினியைத் திறந்தாள். நாற்பது போத்தலுக்கு மேல் இருந்தது. கணினியையும் திறந்து பார்த்தாள். முகவரி அல்பெர்கேரியா. வாங்குபவர் பெயர் இராசேஸ்வரி.

மறுநாள் ஆஸ்பத்திரியில், தகப்பனின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள்.

“பப்பா, இதையெல்லாம் யார் வாங்கினது?”

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் அவரை முதியோர் விடுதியில் விடப்போவதாக ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

“எனக்கு ஒன்றும் தெரியாது. ரோசாதான் தெரிவு செய்து வாங்கினாள்” என்றார்.

சனிக்கிழமைகளில் சொன்ன அதே வார்த்தை. அவள்தான் வாங்கினாள் என்பதில் பொய் இல்லை. இராசேஸ்வரி கட்டிலின் கால்மாட்டில், அவருக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்த பையைப் பிடித்தபடி நின்றாள். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பொலிசுக்குப் போகவில்லை என்று சந்தோசப்படு” என்று லெத்தீசியா நடையில் வைத்துச் சொன்னாள். “சாவியைத் தா.”

அதற்குப் பிறகு ஆறு மாதம் இராசேஸ்வரி பஸ் ஏறி பிரான்காச்சோவுக்குப் போய், அடுக்குமாடிகளில் படி கழுவினாள். ஒப்பந்தம் இல்லாத வேலை. புரட்டாசியோடு பெர்மெஸ்ஸோ முடிகிறது. புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் காட்ட எதுவும் இல்லை. லிபெர்த்தாவில் இரண்டு வீடுகளில் கேட்டாள். இரண்டு இடத்திலும், கொர்ராதோ வீட்டில் நடந்தது என்ன என்றுதான் முதலில் கேட்டார்கள்.

ஆவணி முடிவில் லெத்தீசியா தொலைபேசி எடுத்தாள். குரல் மாறியிருந்தது. கிழவர் படுக்கையில். ஆறு மாதத்தில் நான்கு பெண்கள் வந்து போய்விட்டார்கள். அவர் யார் கையாலும் சாப்பிடமாட்டேன் என்கிறார். நடந்ததை மறந்துவிடலாமா என்று கேட்டாள்.

“முந்தி ஒப்பந்தத்தில் நான் வேலை செய்த நேரத்தில் பாதிதான் எழுதியிருந்தீர்கள்” என்றாள் இராசேஸ்வரி. “முழுவதையும் எழுதுங்கள். எழுதிக் கையெழுத்து வைத்த பிறகு வருகிறேன்.”

லெத்தீசியா வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டாள். பிறகு சரி என்றாள்.

பின்பக்கக் குசினியை வெறுமையாக்கி, படுக்கை விரிப்புகளும் நோயாளிக்குக் கட்டுகிற டயப்பர்களும் அடுக்கி வைத்திருந்தார்கள். சனிக்கிழமைக் கூட்டாளிகளில் ஒருவர் மட்டும் ஒருமுறை பார்க்க வந்தார். போகும்போது குசினி வாசலில் நின்று, கத்தானியாப் பக்கத்து அந்தக் கடையின் பெயர் என்ன, ஈஸ்ற் வாங்கவேண்டும் என்றார். இராசேஸ்வரிக்குத் தொலைபேசி இலக்கமே மனப்பாடம். தெரியாது என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

கொர்ராதோ முதல் கிழமை முழுக்க அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் கிழமை, அவள் சூப் ஊட்டும்போது அவளுடைய கையைப் பிடித்தார்.

“ரோசா, நான் பயந்துவிட்டேன்.”

“தெரியும், சிஞ்ஞோர்.”

“நீ கோபமா?”

“ஓம்” என்று தமிழில் சொன்னாள். அவருக்கு அது விளங்கவில்லை. அவள் மொழிபெயர்க்கவில்லை. கரண்டியை அவருடைய வாய்க்கு நேரே பிடித்தாள். அவர் வாயைத் திறந்தார்.

கோயிலில் இருந்து பிறகு ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் விளக்கு வைக்கிறாள். கார்த்திகையில் புது பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தது. அதை வாங்கிவந்த அன்று வேணுகா, “அந்தாளை மன்னிச்சிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லை” என்றாள் இராசேஸ்வரி. “வேலைக்குப் போறன்.”