மனிதனைத் தண்ணீரில் இறக்கியவள்

பூமியில் உயிர்கள் வளர்ந்து வந்த கதை முழுவதையும் ஒரே சார்ட் பேப்பரில் அடக்கும் பொறுப்பு, ஏழாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்காக என் தலையில் விழுந்தது. ஒரு செல் உயிரி, மீன், கரையேறிய மீன், டைனோசர், குரங்கு என்று ஊழி ஊழியாக வரைந்துகொண்டே வந்தேன். புத்துயிர் ஊழியின் கடைசியில் மனிதன். புத்தகத்தில் அந்த இடத்தில் சூட்கேஸ் பிடித்த ஒரு கனவான் நின்றார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அதனால் தெரிந்த மனிதரை வரைந்தேன். நெட்டுக்குப்பத்து ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நிற்கும் என் நைனா.

அறிவியல் டீச்சர் பார்த்துவிட்டு, கோடிக்கணக்கான வருஷம் கஷ்டப்பட்டுக் கரையேறியவனை மறுபடியும் தண்ணீரில் தள்ளிவிட்டாயே என்றார். வகுப்பே சிரித்தது. அழித்துவிட்டுச் சட்டை பேண்ட் போட்ட ஆளை வரை, இல்லாவிட்டால் சார்ட்டை மாட்ட முடியாது என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் முந்தின நாள் என் நைனா பிடித்த இறால்தான் குழம்பு. அழிக்க மாட்டேன் என்றேன். அப்பாவைக் கூட்டி வா என்றார்.

வீட்டில் அம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். காரணம், மறுநாள் நைனாவுக்குப் பாடு. எங்கள் ஆற்றில் இன்ன நாள் இன்னார் வலை போடலாம் என்று முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். விட்டால் அடுத்த சுற்று வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ரப்பரை எடுத்துத் தேய்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அம்மாவின் கட்சி. நைனா இரண்டு பக்கமும் பேசவில்லை. காலையில் வலையைத் தொடாமல் என்னோடு கிளம்பிவிட்டார்.

டீச்சர் மரியாதையாகத்தான் விளக்கினார். மீன் கரையேறியது முன்னேற்றம், உங்கள் மகள் அதைத் தலைகீழாக்கிவிட்டாள் என்றார். நைனா படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"எங்க ஆத்துல உளுவைன்னு ஒரு மீனு கீது டீச்சர். சேத்துல ஏறி நடக்கும், அப்பால தண்ணிக்கே பூடும். அத்தையும் அழிக்கணுமா?"

டீச்சர் சார்ட்டைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். கடைசி மேசைக்குப் பின்னால் மாட்டிக்கொள் என்று மட்டும் என்னிடம் சொன்னார். நான் வாசலுக்கு நேராக மாட்டினேன். யாரும் கழற்றவில்லை.

வெளியே வந்ததும், படம் உன் மாதிரி இருக்கிறதா என்று நைனாவைக் கேட்டேன்.

"ஷோக்கா கீது. காலு தெரியாம வரைஞ்ச பாரு, அதான் நல்லது."

எனக்குக் கால் வரைய வராததைக் கிண்டல் செய்கிறார் என்று வழியெல்லாம் முறைத்துக்கொண்டு வந்தேன். எந்நேரமும் லுங்கியில் இருப்பவர் அன்று அந்த வெயிலில் பேண்ட் போட்டு வந்தது டீச்சருக்கான மரியாதை என்றும் நினைத்தேன். முட்டிவரை அவர் காலில் இருந்த புண்களைத் தினமும் பார்த்தவள்தான் நான். எங்கள் தெருவில் ஆற்றில் இறங்கும் எல்லா ஆண்களின் காலும் அப்படித்தான் இருந்தது. அனல்மின் நிலையத்திலிருந்து ஆற்றில் வந்து விழும் சாம்பலும் சுடுதண்ணீரும் அரித்த புண் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மனிதனுக்குக் கால் அப்படித்தான் வளர்ந்து வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.