அதே சாவிதான், நைனா

என் தந்தைக்கு வண்டி ஓட்ட மறந்துபோய்விட்டது என்று அவரையே நம்பவைத்தவள் நான். அவருக்கு எதுவும் மறக்கவில்லை. இதை இரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரப்போவதில்லை என்பதால்.

நைனா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துறைமுகத்திலிருந்து மணலிக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். ஓய்வுபெற்றதும் பழைய கார் ஒன்றை வாங்கினார். ஞாயிறுதோறும் திருவொற்றியூரிலிருந்து காசிமேட்டுக்கு மீன் வாங்க அதில்தான் போவார். பிறகு கண்ணில் புரை விழத் தொடங்கியது. ஒருநாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்றிருந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியை அவர் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்த நான் கத்தியதால் ஒரு சாண் இடைவெளியில் தப்பினோம். அந்த வண்டியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்!

"இனிமே ஓட்டாதீங்க நைனா" என்றேன்.

"ஹார்பர்ல கண்டெய்னரையே ஒத்தக் கையில ரிவர்ஸ் எடுத்தவன் நானு. எனக்கே சொல்றியா?" என்று சிரித்தார். கண் மருத்துவரிடம் வரவும் மறுத்துவிட்டார்.

காருக்கு இருந்தது ஒரே சாவி. இன்னொன்று செய்து வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ஷோரூமில் சொன்ன விலைக்குத் தலை சுற்றியது. வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் கடையில் அதில் கால்வாசிதான். சாவியின் தலைக்குள் சிப் இருக்கிறது. வண்டி அதை அடையாளம் கண்டுகொண்டால்தான் எஞ்சின் ஓடும். பாய் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு மெஷினைச் செருகினார்.

"புது சிப்ப வண்டியில ஏத்துனா பழசு அதுலேர்ந்து அழிஞ்சிடும்மா. அதையும் குடு, சேத்து ஏத்திடறேன்."

கையை நீட்டியிருந்தால் போதும்... நீட்டவில்லை.

"பழசு வேணாம் பாய்."

"தொலைஞ்சுபோனாதான் அப்டி விடுவாங்க. உன் கையிலயே கீதே?"

"பரவாயில்ல, விடுங்க."

அவர் விட்டுவிட்டார். பழைய சாவியை நைனாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் சாவி கதவைத் திறந்தது. எஞ்சின் ஒரு நொடி உறுமி அணைந்தது. மறுபடியும் திருப்பினார், மறுபடியும் அணைந்தது.

"இன்னாம்மா, பேஜாரா கீது? புச்சு போட்டதுல பழசு கெட்டுப்பூட்ச்சா?"

சரியாகத்தான் ஊகித்தார்! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ அவர் சாவியை வாங்கினேன். என் உள்ளங்கையில் புதியது மறைந்திருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். புதியதைச் செருகித் திருப்பினேன். எஞ்சின் ஓடியது.

"அதே சாவிதான் நைனா. நீங்க கிளட்ச்சைச் சரியா மிதிக்கல."

பழையதை அவரிடம் கொடுத்தேன். அவர் சாவியைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார்.

இன்னும் மூன்று ஞாயிறு முயன்றார். பிறகு சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். "மறந்துபூட்ச்சிம்மா" என்றார். பழைய டிரைவர்கள் கூடும் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். லாரிக் கதைகளும் நின்றுபோயின.

மீன்பாடி வண்டிக்குப் பயந்துதான் செய்தேனா? எனக்கு மணலியில் வேலை. இரண்டு பஸ் மாற வேண்டும். மறுவாரத்திலிருந்து காரில் போனேன். எந்த எண்ணம் முதலில் வந்தது என்று என்னையே கேட்கிறேன். தெரியவில்லை... தெரிகிறது, சொல்லத்தான் கூசுகிறது.

ஓராண்டு கழித்துக் கண் ஆபரேஷனுக்குக் கூப்பிட்டேன். மறுக்காமல் வந்தார். எதிர்த்துப் பேசும் பழக்கமே அவரிடம் போயிருந்தது. பார்வை நன்றாகத் திரும்பியது. பகலில் தாராளமாக ஓட்டலாம் என்றார் மருத்துவர். அன்றே இரண்டு சாவிகளையும் பாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்து ஏற்றினேன். சிறிது நேர வேலை! பழையதை அதே ஆணியில் மாட்டினேன்.

"இப்ப ஓட்டிப் பாருங்க நைனா."

"வேணாம்மா. கண்ணு வந்துட்ச்சி, கை பூட்ச்சி. நீயே ஓட்டு."

உண்மையைச் சொன்னால் அவர் கை திரும்பிவிடும். இது எனக்குத் தெரியாதா? ஆனால் சொன்ன பிறகு என்னை எப்படிப் பார்ப்பார்... அதற்கு அஞ்சியே இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு காலையில் அவர் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போகிறார். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துடைக்கிறார். சாவி அவர் மடியில் கிடக்கிறது. ஒருமுறை திருப்பிப் பாருங்கள் நைனா என்று பால்கனியில் நின்று மனத்துக்குள் கெஞ்சுகிறேன். அவர் துணியை உதறி மடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்.