ஐந்து புள்ளி ரொட்டி

சின்னவள் ஜெயித்தவை என்று பார்த்தால், முதலில் அவள் மகள். பத்து வயதில் கைநழுவிப் போக இருந்த பெண்ணைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்த்தாள். அடுத்தது, பஸ் டெப்போ கேன்டீனுக்குக் காலையில் போகும் ரொட்டிக் கூடை. மழையோ வெயிலோ, அது போகாத நாள் கிடையாது. பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்த ஓவனைத் துரு சுரண்டிச் சோறு போடும் சாமானாக மாற்றினாள். கடைசியாக, அவளுடைய கையெழுத்து. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், முப்பது வயதில் கணவனை விபத்தில் பறிகொடுத்தவள், சொந்தக்காரர்கள் வாயில் 'கைநாட்டு' என்றே பெயர் எடுத்தவள். இவற்றில் ஒன்றுகூடத் தானாக வந்து அவள் மடியில் விழவில்லை.

அவளோடு அதே வீட்டில் இருந்த அக்கா பெரியவள், ஆறு வயது மூத்தவள். ரெடிமேட் துணிக் கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், "பிசிறு இல்லாத ஆள் கிடைக்கல" என்பாள். அவளை ஐந்தாவது வரைக்கும் படிக்க வைத்தார்கள். சின்னவள் முறை வந்தபோது அம்மா படுக்கையில் விழுந்தாள். அம்மாவுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு கை வேண்டும். அந்தக் கை சின்னவளுடையதாகிப் போனது.

பிறகு அந்தக் கை பிஸ்கட் கொட்டகைக்குப் போனது. மாவைத் தேய்த்துப் பலகையில் பரப்பினால், வேகும்போது அது உப்பிவிடாமல் இருக்கப் பொட்டுப் பொட்டாகக் குத்த வேண்டும். ஆணி அடித்த கட்டை ஒன்று அதற்கென்று இருந்தது. அது உடைந்த நாளில் சின்னவள் ஐந்து விரல் நகத்தாலும் குத்தினாள். கட்டையைவிட அவள் கை வேகமாகப் போனதைப் பார்த்த முதலாளி புதுக் கட்டை வாங்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னும், கணவன் போன பின்னும், அந்தக் கை குத்திக்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் குளிர்காலத்தில் கொட்டகையை மூடினார்கள். மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சின்ன ஓவனைக் காட்டி, "வேணும்னா எடுத்துட்டுப் போம்மா, எனக்கு இடம் காலியானா போதும்" என்றார் முதலாளி.

ஓவன் வீட்டுக்கு வந்த வாரமே கணவனின் அண்ணனும் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. வெளியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார், வீட்டில் மனைவி மட்டும், பிள்ளை இல்லை. தம்பி போன நாளிலிருந்து பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டுவந்தவர் அவர்தான். முதல் வகுப்பில் சேர்த்தபோது சின்னவளின் கட்டைவிரலைப் பார்த்த ஆபீஸ்காரர், கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெண் சம்பந்தப்பட்ட எதிலும் கடைசிச் சொல் அவர் சொல்லாகவே இருந்தது.

"ஆறாவதுக்கு வேற ஸ்கூல் மாத்தணும். எங்க ஊர்லயே சேர்த்துடறேன்" என்றார், டம்ளரைக் கீழே வைத்தபடி. "வேலையும் போச்சு. நீ என்னத்த வெச்சு வளர்ப்ப?"

"நான் பெத்த பொண்ணு மாமா" என்றாள் சின்னவள்.

"யாரு இல்லன்னா? பெத்தா ஆச்சா? நாளைக்கு ஒரு பேப்பர் நீட்டினா விரல நனைச்சுட்டு நிப்ப."

பெரியவள் அந்த டம்ளரைச் சத்தம் வர எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஸ்கூல் தொறக்கறப்ப வர்றேன். அதுக்குள்ள உன் கால்ல நின்னு காட்டு, விட்டுடறேன். இல்லன்னா புள்ள துணிமணிய எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவள் அழவில்லை. உப்புத்தாள் வாங்கி வந்து ஓவனைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

டெப்போ கேன்டீன் நடத்திய அம்மாவுக்குப் பிட்டா ரொட்டி தேவைப்பட்டது. வட்டமான, உள்ளே பை மாதிரி திறக்கிற ரொட்டி. பாதியாக வெட்டி உள்ளே கடலையோ முட்டையோ அடைத்துக் கொடுத்தால், டிரைவர்கள் நின்றபடியே ஒரு கையால் சாப்பிட்டுவிட்டு வண்டி எடுப்பார்கள். அதுவரை ரொட்டி கொடுத்துவந்தவர் தொழிலை விட்டுவிட்டார். செய்முறையை அந்த அம்மாவே வாயால் சொன்னாள். மாவு, உப்பு, துளி சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீரில் நுரைத்த ஈஸ்ட். காதுமடல் போல மெத்தென்று ஆகும்வரை பிசைய வேண்டும். ஈரத்துணி மூடி, இரண்டு பங்காகப் பொங்கும்வரை விட வேண்டும். உருட்டி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்து, எல்லாப் பக்கமும் ஒரே கனமாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த கல்லின்மேல் போட வேண்டும். சூடு பட்டதும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி ரொட்டியைப் பந்தாகத் தூக்கும். அதுதான் பை.

சின்னவளின் ரொட்டி பந்தாகவில்லை. அங்கங்கே கொப்புளம் மாதிரி எழும்பி, மூச்சுவிட்டு, படுத்துக்கொண்டது.

மாவை மாற்றினாள். ஈஸ்டை மாற்றினாள். ஓவனுக்குள் இருந்த தகரத்தட்டை எடுத்துவிட்டுக் கனமான கல்பலகை போட்டாள். கல் சரியாகக் காயவில்லையோ என்று கூடக்கொஞ்சம் காயவிட்டாள். ரொட்டி கருகியது, உப்பவில்லை. வீட்டில் மூன்று வேளையும் தட்டை ரொட்டிதான். "அம்மா, இதுல சக்கரம் செஞ்சு வண்டி ஓட்டலாம்" என்றாள் மகள். சிரித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கேன்டீன் அம்மா ஒரு ரொட்டியை விரலால் பிளக்கப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "ருசி நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா பை இல்லாத ரொட்டிய நான் என்ன செய்ய? தட்டுன்னு நெனச்சு டிரைவருங்க கழுவி வெச்சிடுவாங்க. சரியா வந்தா கொண்டா, வேற யாருக்கும் சொல்லாம வெச்சிருக்கேன். ரொம்ப நாள் முடியாது."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டியில் எல்லாம் இருந்தது, அகப்பையில் வரவில்லை.

அப்போது கோடை விடுமுறை பாதி தாண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆறிப்போன ரொட்டி ஒன்றைக் கையில் எடுத்தாள். கம்பெனிப் பழக்கம், கையில் எது வந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். பிடித்தவள் அப்படியே இருந்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள்.

"ஏண்டி, ரொட்டிக்கு முத்திரை குத்தறியா?"

"என்னக்கா?"

"எல்லாத்துலயும் அஞ்சு புள்ளி. பிறை மாதிரி. வந்து பாரு."

சின்னவள் வந்து பார்த்தாள். ரொட்டியின் ஓரமாக ஐந்து இடத்தில் வெளிச்சம் ஊசிமுனைபோல் கசிந்தது. அவள் தன் வலது கையை அந்தப் புள்ளிகளின்மேல் வைத்தாள். ஐந்தும் ஐந்து நகத்துக்குச் சரியாகப் பொருந்தின. தேய்த்து முடித்த ஒவ்வொரு ரொட்டியையும், கல்லுக்குத் தூக்குவதற்கு முன்னால், அவள் கை அவளைக் கேட்காமலே குத்திவிட்டுக்கொண்டிருந்தது. மேலே தூவிய மாவு அடையாளத்தை மறைத்துவிட்டது. ஆவி அந்த ஓட்டை வழியாகப் போய்விட்டது.

"கொட்டகைய மூடிட்டாங்க. உன் கைக்கு யாரும் சொல்லலையா?" என்றாள் பெரியவள். "சம்பளம் இல்லாம இன்னும் வேலை பாக்குது."

சிரிக்க ஆரம்பித்த சின்னவள் பாதியில் அழுதாள். கணவன் போன பிறகு அக்கா எதிரில் அவள் அழுதது அன்றுதான்.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனாலும் கை கேட்கவில்லை. தொட்டில் பழக்கம் அல்லவா! குத்தாதே, குத்தாதே என்று சொல்லிக்கொண்டே குத்துவாள். விரல்களைத் துணியால் கட்டிப் பார்த்தாள், மாவு தேய்க்க வரவில்லை. கையுறை போட்டாள், மாவு அதைப் பிடித்துக்கொண்டது. நகத்தை ஒட்ட வெட்டினாள், விரல்நுனி குழி போட்டது.

கடைசியில் வழி கண்டுபிடித்ததும் அவள்தான். சும்மா இரு என்றால் கை இருக்காது, வேறு வேலை கொடுத்தால் அந்த வேலையைச் செய்யும். "அக்கா, என் பேர எழுதிக் குடு" என்றாள். பெரியவள் காலி மாவுச் சாக்கின் பின்பக்கத்தில் கரியால் பெரிதாக எழுதினாள். நான்கு எழுத்து. சின்னவள் அதைச் சுவரில் மாட்டினாள். ரொட்டியைத் தேய்த்து முடித்ததும் கை துடிக்கும். அந்த நொடியில் கையைப் பக்கத்தில் இழுத்து, பலகையில் சிந்திக் கிடக்கும் மாவில் முதல் எழுத்தைப் போடுவாள். பிறகு ரொட்டியை மரத்துடுப்பால் தூக்கிக் கல்லில் போடுவாள். அடுத்த ரொட்டிக்கு இரண்டாவது எழுத்து. நான்கு ரொட்டி தேய்த்தால் ஒரு பெயர். முதலில் எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தது. "இது என்னடி, உன் பேரா, எதிர்வீட்டுப் பூனை பேரா?" என்பாள் பெரியவள். எழுத்து நிமிர நிமிர, ரொட்டியும் எழும்பியது.

கேன்டீன் அம்மா முதல் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துப் பிளந்தாள். வாயைத் திறந்ததுபோல் அது திறந்தது. கூடையை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, "நாளைக்கும்" என்றாள்.

சொன்னபடி பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் கணவனின் அண்ணன், மகளின் பெரியப்பா, வந்தார். பெண்ணின் துணி வைக்கப் புதுப் பை ஒன்று வாங்கி வந்திருந்தார். அதைப் பார்த்ததும் மகள் பெரியவளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"டெப்போவுக்கு ரொட்டி போடறன்னு கேள்விப்பட்டேன்" என்றார். "எங்க, போடு, பாப்போம்."

சின்னவள் தேய்த்தாள். அவர் தோளுக்குப் பின்னால் நிற்க, அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரொட்டியைக் கல்லில் போட்டாள். அதற்குமுன் தங்கையின் கை பழையபடி ஒரு குத்துக் குத்திவிட்டதைப் பெரியவளின் கண் பார்த்துவிட்டது. ஓவனுக்குள் ரொட்டி இரண்டு கொப்புளம் விட்டு, அடங்கி, படுத்தது.

"இதுவா?" என்றார் அவர். குரலில் ஏளனம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. புதுப் பையின் ஜிப்பைத் திறந்தார்.

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இரு, அக்கா" என்றாள் சின்னவள். "மாமா, இன்னொண்ணு பாத்துட்டுப் போங்க."

அடுத்த உருண்டையை எடுத்தாள். அவசரப்படாமல் தேய்த்தாள். தேய்த்து முடித்துக் கையைப் பக்கத்தில் கொண்டுபோனாள். இந்தமுறை ஓர் எழுத்தோடு நிறுத்தவில்லை, நான்கையும் எழுதினாள். பிறகு ரொட்டியைத் தூக்கிக் கல்லில் போட்டாள். விளிம்பு ஒரு பக்கம் அசைந்தது. நடுவில் லேசாகத் தூக்கியது. அந்தத் தூக்கல் ஓரம்வரைக்கும் பரவி, முழு ரொட்டியும் மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல் உப்பி நின்றது.

ஆனால் அவர் ஓவனைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, எழுத்துக் கூட்டுவதுபோல் அவள் பெயரை மெதுவாக வாய்விட்டுப் படித்தார். தம்பி கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளை ஒருதரம்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"யாரு எழுதினது?"

"நான்தான் மாமா. இப்பத்தானே எழுதினேன்."

"பேனாவுல வருமா?"

"மாவுல வருது. பேனாவுல எழுதிப் பார்க்கல."

அவர் ஜிப்பை மூடினார். உப்பிய ரொட்டியை வாங்கி, பிளந்து, உள்ளே எட்டிப் பார்த்தார். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பைய வெச்சுக்க. புத்தகம் எடுத்துட்டுப் போக ஆகும்" என்று பெண்ணிடம் கொடுத்தார். "லீவுக்கு மட்டும் வாடா கண்ணு. அங்க எங்க வீட்டுல பெரியம்மா ஒத்தையா இருக்கா."

உள்ளூர்ப் புதுப் பள்ளிக்கூடத்தின் ஆபீசுக்கு எல்லோருமாகப் போனார்கள். அங்கிருந்தவர் வழக்கப்படி தாளை ஆம்பளை பக்கம் நகர்த்தினார். பெரியப்பா அதை ஒரு விரலால் சின்னவள் பக்கம் தள்ளினார். "அம்மா இருக்காங்கல்ல, அவங்க போடுவாங்க" என்றார்.

சின்னவள் பேனாவை வாங்கினாள். எழுதுவதற்கு முன்னால் அவளுடைய ஐந்து விரலும் தாளின் ஓரத்தில் ஒருமுறை குத்தின. பெரியவள் அதைப் பார்த்தாள். பிறகு, மாவு இல்லாத இடத்தில் முதல் தடவையாக, நான்கு எழுத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. பொறுப்பாளர் என்ற இடத்துக்கு எதிரே தாய் கையெழுத்திட்ட அந்த நாள், 2002-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பத்தாம் தேதி, திங்கட்கிழமை.