வேம்பு படித்த குடும்ப நாவல்

வேம்புவுக்குக் குடும்ப நாவல் என்றாலே ஆகாது. வியாசர்பாடியில் குடியிருந்துகொண்டு துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிற மனுஷனுக்கு, அழுகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்க என்ன தலையெழுத்து? ராஜா ராணிக் கதையும் சரிப்படாது. குதிரை போய்ச் சேர்வதற்குள் இவருக்குத் தூக்கம் வந்துவிடும். கவிதைப் புத்தகத்தில் பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று வருத்தம். கொலைக் கதைதான் அவருக்குக் கதை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக கேட்டுக்காக வரிசையில் நிற்கும் டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மாத நாவலை ஒருத்தரே வைத்துக்கொள்வதில்லை. படித்த பக்கங்களைக் கிழித்துப் பின்னால் நிற்கிற வண்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரே கொலையை நாலு லாரி சேர்ந்து துப்பறியும்.

அப்படிப்பட்டவர், மூன்று மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் கட்டிலருகே உட்கார்ந்து மனைவி பச்சையம்மாவுக்குக் குடும்ப நாவல் படிக்கிறார். சர்க்கரையில் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. போன மாதம், ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையைக் காட்டிச் சொல்லிவிட்டாள்: "போதும்யா. என்னால முடியல. இந்தக் கதை முடியறவரிக்கும் வரேன். அப்பால என்னை இட்டாராத."

அன்றிலிருந்து வேம்பு மெதுவாகத்தான் படித்தார். அப்படியும் பாதிப் புத்தகம் முடிந்துவிட்டது. கடைசியில் கதையில் வருகிற மருமகள் செத்துத் தொலைப்பாளோ என்ற பயம் வேறு. முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று புத்தகத்தை லாரிக்கு எடுத்துப் போனார். இரண்டு நாள் வரிசை. ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார். பின் வண்டிக் கமாலுதீன் கதவைத் தட்டி, "மாமு, பட்ச்சத குடு" என்றதும், தூக்கக் கலக்கத்தில் பழக்க தோஷத்தில் கிழித்துக் கொடுத்தார். கொடுத்தது படிக்காத பாதி.

மறுநாள் போன் போட்டபோது கமாலுதீன் கிருஷ்ணகிரியைத் தாண்டியிருந்தான்.

"இன்னா மாமு, அதுல ஒரு கொலகூட இல்ல. டயரு மாத்தசொல்ல கை தொடச்சிப் போட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை மெஷின் ஓட ஆரம்பித்தது. வேம்பு மிச்சமிருந்த பாதியை விரித்துப் பிடித்துக்கொண்டார். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. இவள் வராமல் போனால் என்ன செய்வது என்பதைத் தவிர மண்டையில் எதுவும் ஓடவில்லை. அழவைக்கிற கதை சொல்ல அவருக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னார்.

"காலையில் மருமகள் கதவைத் திறந்தாள். கூடத்தில் மாமியார் பிணமாகக் கிடந்தாள். ஜீப்பில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார்."

பச்சையம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"குடும்பக் கதையில போலீசு எங்கருந்து வந்துச்சு?"

"இன்னாவோ, எழுதிகீது."

வேம்பு பக்கத்தைப் புரட்டினார். என்றைக்கோ படித்த பக்கம்தான்.

"சரி, யாரு கொன்னது?"

அது வேம்புவுக்கே தெரியாது.

"இப்ப தெரியாதுமே. ரொம்ப நாளு இஸ்துகினு போவும் போலகீது."

பச்சையம்மா முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"செவ்வாக்கெழம சீக்கிரமா கெளம்பணும்யா. இன்னிக்கு பஸ்சுல நின்னுகினேதான் வந்தேன்."